கழுகைக் கண்டால் ஏன் கத்த வேண்டும்?

வளர்ந்த பெண் டயானா குரங்கு ஒன்றின் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதை அடித்துத் தின்னும் பெண் கொண்டைக் கழுகும் கிட்டத்தட்ட அதே எடைதான்: 3 கிலோவுக்குச் சற்று மேலே தொடங்கி 4.7 கிலோ வரை போகும். ஆண் குரங்கு 5 கிலோவைத் தாண்டிவிடும். ஆண் கழுகோ பெண்ணைவிடச் சிறியது. பூனை எலியைப் பிடிப்பதையும் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு இடறும். இங்கே கொல்கிறவனும் சாகிறவனும் தராசில் சரிசமம். குரங்குக்கு நான்கு கைகால்களும் பற்றிப் பிடிக்கும், கோரைப்பல் இருக்கிறது, கூப்பிட்டால் ஓடிவர இருபது உறவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட விலங்கை ஒற்றைப் பறவை எப்படிச் சாய்க்கிறது?

இந்தக் கேள்வியோடு நாம் போகவேண்டிய இடம், மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் தாயி காடு. 1972இல் தேசியப் பூங்காவாகி, 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த மழைக்காடு அது. 1989இல் ரொனால்ட் நோயே அங்கே தொடங்கிவைத்த குரங்கு ஆய்வு பல தலைமுறை மாணவர்களைக் கடந்து வந்திருக்கிறது. குரங்கின் குரலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்தக் காட்டின் மரத்தடிகளில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றவர்கள் சேர்த்துத் தந்தது.

டயானா குரங்கு அந்தக் காட்டின் அழகி. கருஞ்சாம்பல் உடல், முதுகில் செம்பழுப்புப் பட்டை, வெள்ளை மார்பு, நெற்றியில் பிறைக்கோடு. தரைக்கு அதிகம் இறங்காமல் மேல்விதானத்திலேயே வாழ்க்கையை ஓட்டிவிடும். ஒரு கூட்டத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுதான் இருக்கும். மற்றவை பெண்களும் அவற்றின் பிள்ளைகளுமாக இருபது, இருபத்தைந்து வரை சேரும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுவதால் அக்கா, தங்கை, சித்தி, பாட்டி என்று வீடு முழுக்க இரத்த உறவு. ஆண் வளர்ந்ததும் வெளியேறியாக வேண்டும்.

கொண்டைக் கழுகு வேறு மாதிரி. ஆணும் பெண்ணும் மட்டுமே கொண்ட குடும்பம். பெரிய மரத்தின் கவையில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய கூட்டை ஆண்டுக்காண்டு செப்பனிட்டுக் கொள்ளும். உடல் அளவுக்கு அதன் இறக்கை குட்டை, விரித்தால் 1.5 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரைதான். புல்வெளியில் வட்டமிட்டு வேட்டையாடும் போர்க்கழுகின் இறக்கை 2 மீட்டரைத் தாண்டும். காட்டுக்குள் அந்த நீளம் கொடிகளில் சிக்கிக்கொள்ளும். குட்டையும் அகலமுமான இறக்கை, நீண்ட வால்: மரங்களுக்கு நடுவே வளைந்து புகுந்து பறப்பதற்கென்றே அமைந்த உடல் இது. வட்டமிடுவதெல்லாம் ஜோடி தன் எல்லையை அறிவிக்கும்போதுதான். வேட்டை என்று வந்துவிட்டால் இலைமறைவில் ஒரு கிளையில் உட்கார்ந்து, அசையாமல், நெடுநேரம் காத்திருக்கும்.

காத்திருப்பு முடிகிற கணத்தில் வேலை செய்வது அதன் கால். கழுகின் முகத்தைப் படமெடுக்கிறவர்கள் அதன் காலையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று விரல்கள் முன்னே, ஒன்று பின்னே. அந்தப் பின்விரலின் நகம்தான் எல்லாவற்றிலும் பெரியது, நம் கைவிரல் நீளத்துக்கு நெருங்கி வரும். விரல்களை மடக்கும் தசைநார்களின் அடிப்புறம் சொரசொரப்பாக இருக்கும். அவற்றை மூடியிருக்கும் உறையின் உட்புறத்தில் வரிவரியாக மடிப்புகள் இருக்கும். இரை அகப்பட்டதும் ஒன்று மற்றொன்றில் பதிந்து பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு தசை களைத்தாலும் பிடி தளராது. குரங்கின் கையும் பிடிப்பதற்கென்றே உருவானதுதான். ஆனால் அதன் பிடி நொடிக்கு நொடி விட்டு விட்டுப் பற்றும் பிடி: கிளையைத் தாவிப் பிடிக்க, பழத்தைத் திருக, தாயின் வயிற்று முடியில் தொங்க. கழுகின் பிடி ஒரே வேலைக்கு. பாய்ச்சலின் வேகத்தோடு மண்டையிலோ முதுகெலும்பிலோ நகம் இறங்கினால் சண்டை என்று ஒன்று நடக்க வாய்ப்பே இல்லை.

உகாண்டாவின் கிபாலே காட்டில் இக்கழுகின் கூடுகளுக்கு அடியில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி அடையாளம் கண்டபோது, இரையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குரங்குகளாகவே இருந்தன. தாயி காட்டில் அதே வேலையைச் சூசன் ஷுல்ட்ஸ் செய்தார். அங்கே குரங்குகளோடு சிறுமான்களின் எலும்புகளும் நிறைய இருந்தன. தன் எடையைவிடப் பெரிய இரையைக் கழுகால் முழுதாகத் தூக்க முடியாது. விழுந்த இடத்திலேயே கிழித்து, துண்டு துண்டாகக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

இந்த எலும்புகள் நம்மோடு சம்பந்தமுள்ள ஒரு பழைய வழக்குக்கும் சாட்சியாயின. 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. மூன்று நான்கு வயதுக் குழந்தை. மனித இனம் அல்ல, மனிதருக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபித்தகஸ். ரேமண்ட் டார்ட் அதை 1925இல் உலகுக்கு அறிவித்தார். அந்தக் குழந்தை எப்படிச் செத்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1995இல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் கழுகின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். மண்டையோட்டோடு கிடைத்த பபூன் எலும்புகளின் சேதம் பறவை தின்ற மிச்சம்போல இருந்தது அதற்கு ஒரு காரணம். பலர் ஏற்கவில்லை. 2006இல் ஸ்காட் மெக்ராவும் ஷுல்ட்ஸும் மற்றொரு சக ஆய்வாளரும் தாயி காட்டுக் கழுகுக்கூடுகளின் கீழ் எடுத்த குரங்கு எலும்புகளை விவரித்து எழுதினார்கள். கழுகு கண்குழிக்குள் நகத்தையும் அலகையும் விட்டுக் குடைந்து எடுக்கும்போது அங்கே மெல்லிய எலும்பில் துளைகளும் கீறல்களும் விழுகின்றன. அதைப் படித்த பெர்கர் டவுங் குழந்தையின் கண்குழிகளை மறுபடி ஆராய்ந்தார். அதேபோன்ற துளைகளும் கீறல்களும் அங்கேயும் இருந்தன. நம் முன்னோரின் வழியை ஒட்டிய ஒரு பிள்ளையை வானத்திலிருந்து வந்த ஒன்று கொண்டுபோயிருக்கிறது என்பதற்கு இதைவிட அழுத்தமான தடயம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கண்குழியில் தொடங்கியதால் கண்ணைப் பற்றியே பேசிவிடலாம். பறவைகளும் பாலூட்டிகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தூரம் விலகி வந்தும் கழுகும் குரங்கும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே பார்வையை நம்பிப் பிழைப்பவை. ஆனால் இரண்டு கண்களும் வெவ்வேறு விதத்தில் கட்டப்பட்டவை.

குரங்கின் கண்ணில், நம் கண்ணைப் போலவே, கூர்பார்வைக்கான குழிவு ஒன்று இருக்கிறது. கழுகின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. ஒன்று பக்கவாட்டில் தொலைவைப் பார்ப்பதற்கு, மற்றொன்று முன்னே நெருங்கிவரும் இரையைப் பார்ப்பதற்கு. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகை 1980களில் சோதித்துப் பார்த்தபோது, அதன் பார்வைக்கூர்மை மனிதருடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நிறத்தை உணரும் கூம்பணுக்கள் குரங்குக்கு மூன்று வகை, பறவைக்கு நான்கு வகை. கண் இவ்வளவு பெரிதாக இருப்பதால் கழுகால் அதை நம்மைப்போல் உருட்ட முடியாது. பார்க்க வேண்டுமென்றால் தலையைத்தான் திருப்ப வேண்டும்.

குரங்கின் இரு கண்களும் முகத்தின் முன்பக்கம் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. இரண்டின் பார்வைப் பரப்பும் பெரிதாக ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அடுத்த கிளை எவ்வளவு தூரம் என்று துல்லியமாகக் கணிக்க முடிகிறது. இப்படி முன்னோக்கிய கண்கள் ஏன் வந்தன என்று கேட்டு, 1970களில் மாட் கார்ட்மில் ஒரு விடை சொன்னார்: நம் ஆதி முன்னோர் இரவில் பூச்சி பிடித்துத் தின்ற சின்னஞ்சிறு வேட்டைக்காரர்கள், பூனைக்கும் ஆந்தைக்கும் வந்த காரணத்துக்காகவே அவர்களுக்கும் கண்கள் முன்னே வந்தன. இதற்குப் போட்டி விளக்கங்கள் இருக்கின்றன. எது சரியானாலும் விளைவு ஒன்றுதான். முயலுக்கும் மானுக்கும் முதுகுப்பக்கம் தெரிகிறது. இரையாகும் விலங்காக இருந்தும் குரங்குக்குத் தெரிவதில்லை. வேடனின் கண்ணை வைத்துக்கொண்டு வேட்டையாடப்படும் வாழ்க்கை அதனுடையது. கூட்டமாக வாழ்வதன் அருமையை நான் இங்கேதான் பார்க்கிறேன். ஒரு குரங்குக்குத் தெரியாத முதுகுப்புறம் இன்னொன்றின் பார்வையில் இருக்கிறது. கழுகிடம் உலகின் மிகக் கூர்மையான ஒரு ஜோடிக் கண்கள். குரங்குக் கூட்டத்திடம் சுமாரான இருபது ஜோடி. ஆனால் அந்த இருபது ஜோடியும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால், ஒருத்தி பார்த்தது மற்றவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும்.

அதற்குத்தான் குரல்.

கழுகைக் கண்டதும் டயானா குரங்கு கத்துகிறது. சிறுத்தையைக் கண்டாலும் கத்துகிறது. இரண்டும் வேறு வேறு கத்தல். காட்டோடு பழகிய காது பிரித்துச் சொல்லிவிடும். பெண்கள் குட்டைக் குரலில் கூவ, கூட்டத்து ஆண் வெகுதூரம் கேட்கும் கனத்த குரலில் முழங்கும். முழங்குவதோடு நிற்பதில்லை, பல நேரம் கழுகு இருக்கும் கிளையை நோக்கியே போகும். கேள்வி இதுதான்: கத்துகிற குரங்கு தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறதே, அது ஏன்?

உறவுகளைக் காப்பாற்ற, என்பது பழைய பதில். அது தப்பில்லை. ஆனால் கிளவுஸ் ஸூபர்பூலரும் நோயேயும் ராபர்ட் செய்ஃபார்த்தும் 1997இல் இன்னொன்றையும் கவனித்து எழுதினார்கள். தாயி காட்டில் டயானா குரங்குக்கு நான்கு எதிரிகள்: கழுகு, சிறுத்தை, சிம்பன்சி, துப்பாக்கியோடு வரும் மனிதன். முதல் இரண்டைக் கண்டால் காடே அதிரக் கத்துகிறது. பின் இரண்டைக் கண்டால் வாயைத் திறப்பதில்லை; ஓசையின்றி விதானத்தில் நழுவிவிடுகிறது. உறவுகளை எச்சரிப்பது மட்டுமே நோக்கமென்றால் நான்குக்கும் கத்தவேண்டும். வித்தியாசம் எதிரி வேட்டையாடும் முறையில் இருக்கிறது. கழுகும் சிறுத்தையும் பதுங்கிப் பாய்கிறவை. அவற்றின் பலம் முழுவதும் ‘என்னை யாரும் பார்க்கவில்லை’ என்ற ஒன்றில் அடங்கியிருக்கிறது. சிம்பன்சி மரமேறித் துரத்தும், கூட்டாகச் சேர்ந்து வளைக்கும். அதற்குத் தேவை குரங்கு இருக்கும் இடம் மட்டுமே. மனிதனுக்கும் அப்படியே.

அப்படியானால் கழுகைப் பார்த்துக் கத்தும் குரல் கழுகுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. உன்னைப் பார்த்துவிட்டோம், போ. இதைக் கழுகைவிடச் சிறுத்தையிடம் சோதிப்பது எளிது. தாயி காட்டில் டேவிட் ஜென்னி சிறுத்தைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டியிருந்தார். குரங்குக் கூட்டத்துக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும் சிறுத்தை, குரங்குகள் கத்தத் தொடங்கியதும் வழக்கத்தைவிட விரைவாக எழுந்து இடத்தைக் காலி செய்ததை அந்தப் பட்டைகள் காட்டிக்கொடுத்தன. 4 கிலோ எடையுள்ள கழுகுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும். முதல் அடி தவறினால் தன் எடைக்குச் சமமான, கோபம்கொண்ட, கடிக்கக்கூடிய ஒன்றோடு கிளைமேல் மல்லுக்கட்ட வேண்டும். இறகு முறிந்தாலே அதற்குப் பட்டினிதான்.

இந்தக் குரல் வெறும் பயத்தின் அலறல்தானா, அதற்குள் சேதி இருக்கிறதா? 1999இல் ஸூபர்பூலரும் டோரத்தி செனியும் செய்ஃபார்த்தும் வெளியிட்ட சோதனை, என் பார்வையில், விலங்கு நடத்தை ஆய்வில் மிக அழகானவற்றுள் ஒன்று. குரங்குகளுக்குத் தெரியாமல் அருகே ஒலிபெருக்கியை ஒளித்து வைத்தார்கள். முதலில் ஆண் டயானாவின் ‘கழுகு’ எச்சரிக்கையை ஒலிக்கவிட்டார்கள். கூட்டத்துப் பெண்கள் உடனே கழுகுக்கான குரலை எழுப்பின. பிறகு ஐந்து நிமிடம் அமைதி. அதன்பின் அதே திசையிலிருந்து உண்மையான கழுகின் கிறீச்சிடல் வந்தது. சாதாரணமாக அந்த ஒலியைக் கேட்டால் அமளிப்படும் பெண்கள் இப்போது ஏறக்குறையப் பேசாமல் இருந்தன. கழுகு அங்கே இருப்பதுதான் ஏற்கனவே தெரிந்த சேதியாயிற்றே. அடுத்து மாற்றிப்போட்டார்கள். முதலில் ‘சிறுத்தை’ எச்சரிக்கை, ஐந்து நிமிடம் கழித்துக் கழுகின் கிறீச்சிடல். இம்முறை பெண்கள் கத்தித் தீர்த்தன. எச்சரிக்கைக் குரலும் கழுகின் குரலும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பவை அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே ஆபத்தைக் குறிக்கின்றன என்று குரங்கின் மனத்தில் எங்கோ பதிவாகியிருக்கிறது. ஐந்து நிமிடம் அந்தப் பதிவு நிலைத்தும் நிற்கிறது.

இந்தச் சேதியை ஒட்டுக்கேட்கிற பறவையும் அந்தக் காட்டில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மஞ்சள் தலைக்கவச இருவாச்சியும் கொண்டைக் கழுகுக்கு இரையாகும். தரையில் திரியும் சிறுத்தையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஹ்யூகோ ரெய்னியும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட சோதனையில் டயானாவின் இரண்டு எச்சரிக்கைகளையும் இருவாச்சிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கழுகுக் குரலுக்கு இருவாச்சிகள் பரபரத்தன. சிறுத்தைக் குரலைப் பொருட்படுத்தவில்லை. குரங்குக்காகக் குரங்கு சொன்ன சொல்லைப் பறவை புரிந்துகொள்கிறது, அதிலும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

குட்டிகள் இதையெல்லாம் எங்கே கற்கின்றன? அதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும். கென்யாவின் அம்போசெலியில் செய்ஃபார்த், செனி, பீட்டர் மார்லர் மூவரும் வெர்வெட் குரங்குகளிடம் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்கே வாசல். அங்கே குட்டிகள் தலைக்குமேல் எது போனாலும் கழுகுக் குரல் கொடுத்தன. புறாவுக்கும் கொடுத்தன, உதிர்ந்து வரும் இலைக்கும் கொடுத்தன. ஆனால் நாலுகால் விலங்குக்குக் கொடுப்பது அரிது. ‘மேலேயிருந்து வருவது’ என்ற வகை பிறவியிலேயே இருக்கிறது, அதற்குள் எது கழுகு என்பதைப் பெரியவர்களைப் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. 2019இல் ஜூலியா ஃபிஷரின் குழு செனகலில் வெர்வெட்டுக்கு நெருங்கிய உறவான பச்சைக் குரங்குகளின் மேலே டிரோனைப் பறக்கவிட்டது. அவை அதுவரை காணாத பொருள். குரங்குகள் எழுப்பிய குரல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் வெர்வெட்டுகளின் கழுகுக் குரலை ஒத்திருந்தது. பிறகு டிரோனின் இரைச்சலை மட்டும் கேட்கவிட்டபோது வானத்தை அண்ணாந்து பார்த்தன. குரல் பிறவிச் சொத்து. எதற்குப் பயப்படுவது என்பது மட்டும் மிக விரைவாகக் கற்றுக்கொள்ளப்படுகிறது.

பிள்ளை வளர்ப்பில் இந்த இரண்டு எதிரிகளும் ஒன்றையொன்று விசித்திரமாக ஒத்திருக்கின்றன. டயானா தாய் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும். கழுகு இரண்டு முட்டை இட்டாலும் மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொன்றுவிடும், எஞ்சுவது ஒன்றே. முட்டை பொரிய ஏறத்தாழ 50 நாள், குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் மூன்றரை மாதம். பறந்த பிறகும் மாதக்கணக்கில், ஓராண்டு நெருங்கும்வரை, பெற்றோர் ஊட்டவேண்டும். குரங்கைப் பிடிப்பது கடினமான தொழில், ஒரு பருவத்தில் கற்று முடிவதல்ல என்பதுதான் இந்த நீண்ட பயிற்சிக்குக் காரணமாக இருக்கவேண்டும். அதனால் ஒரு ஜோடி பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் கரைசேர்க்கிறது. குரங்கு தன் குட்டியைத் தப்பிக்கப் பழக்குகிறது, கழுகு தன் குஞ்சைப் பிடிக்கப் பழக்குகிறது. இரண்டும் அவசரப்பட முடியாத வேலை.

இந்த நிதானத்துக்குள் துப்பாக்கி நுழைந்ததுதான் எனக்குப் பெரும் கவலை. தாயி காட்டில் திருட்டு வேட்டைக்காரர்கள் கழுகைப்போலவும் சிறுத்தையைப்போலவும் குரல் எழுப்புவார்கள். குரங்குகள் பதில் குரல் கொடுத்து, எதிரி எங்கே என்று தேடி நெருங்கி வரும். அவ்வளவுதான், சுட்டுவிடலாம். பதுங்குகிறவனை விரட்டுவதற்காகப் பல இலட்சம் ஆண்டுகளில் உருவான குரலே இப்போது இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ரெடுவான் ப்ஷாரி 2001இல் எழுதியபடி, வேட்டை மிகுந்த பகுதிகளின் டயானாக்கள் மனிதன் எழுப்பும் போலிக் குரலைப் பிரித்தறிந்து வாய்மூடக் கற்றிருக்கின்றன. வேட்டை குறைந்த பகுதிக் குரங்குகள் ஏமாறுகின்றன. அறிவு இருப்பது உண்மைதான். ஆனால் ஐந்தாண்டு வளர்ந்து ஒரு குட்டி ஈனும் விலங்கு, கற்கும் வேகத்தில் தோட்டாவை முந்திவிடும் என்று நம்பி நாம் கைகட்டி நிற்க முடியாது.

டயானா குரங்கு இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் உடன்பிறப்பு போன்ற ரோலோவே குரங்கு, கானாவிலும் ஐவரி கோஸ்ட்டின் கிழக்கிலும் சில காட்டுத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகில் மிக அருகிப்போன குரங்குகளில் அது ஒன்று. அதே பகுதியின் மிஸ் வால்ட்ரன் செங்கொலோபஸ் ஏறக்குறைய அழிந்தேவிட்டது என்று 2000இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். குரங்கு போன காட்டில் கழுகுக்குச் சாப்பாடு ஏது?

தாயியிலேயே நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. அங்கே நீண்டகால ஆய்வு நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியில் குரங்குகளும் சிம்பன்சிகளும் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக இருப்பதை 2011இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு காட்டியது. நாள்தோறும் குறிப்பேட்டோடு ஆள் நடமாடும் இடத்துக்குத் துப்பாக்கிக்காரன் வரத் தயங்குகிறான். ஆய்வாளர்களும், அவர்களோடு வேலைசெய்யும் சுற்றுவட்டார ஊர்களின் உதவியாளர்களும், சம்பளப் பணமும், சீராக வரும் ரோந்தும் சேர்ந்து செய்யும் காரியம் அது. வேறு காடுகளிலும் இதைச் செய்யலாம். செலவு அதிகமில்லை, ஆண்டுக்கணக்கில் விடாமல் நடக்கவேண்டும்.